போன வழியே திரும்பாதது

பிறக்கும்போது ரிவெட்டுக்கு ஒரு தலைதான். சுருளாக வந்து இறங்கும் எஃகுக் கம்பியை இயந்திரம் இழுத்து நிமிர்த்தி, வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைக் குழிவான அச்சுக்குள் வைத்து ஓங்கிக் குத்துகிறது. உலை கிடையாது, நெருப்பு கிடையாது. குளிர்ந்த கம்பியின் முனை பிதுங்கி, அரைக்கோளமாக விரிந்து தலையாகிறது. மறுமுனை வெறும் தண்டு. இரண்டாவது தலை, அது போய்ச் சேரும் இடத்தில்தான் முளைக்கும். முளைத்த பிறகு அந்த இடத்தை விட்டு அதற்கு விடுதலை இல்லை.

போல்ட் செய்கிறவன், என்றைக்காவது யாராவது கழற்றுவார்கள் என்று எண்ணித்தான் அதற்கு மரை வெட்டுகிறான். ரிவெட் செய்கிறவனுக்கு அந்த எண்ணமே கிடையாது. பழைய காரைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள், சேஸ் என்னும் அடிச்சட்டத்தில் இருக்கும் ரிவெட்டுகளோடு மல்லுக்கட்டும்போது முதலில் துருவைத்தான் திட்டுவார்கள். துருவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதத்தின் பெரும்பகுதி, துரு எட்டிப் பார்ப்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, தொழிற்சாலையில் ஒரு நொடிக்குள் ஏறியது. ரிவெட் எப்படி உள்ளே போனது என்று தெரியாதவன் அதை வெளியே எடுக்கக் கிளம்பினால் சேஸைத்தான் கெடுத்து வைப்பான்.

இத்தனைக்கும் அது செய்யப்படுவது எஃகிலேயே சாதுவான எஃகில். ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கார்பன் இருக்கும். கடினமான எஃகில் செய்தால் இரண்டாவது தலை விரியாது, விளிம்பு வெடித்துவிடும். நசுக்கினால் நசுங்கிக் கொடுத்து, துளையின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்புகிற குணம்தான் ரிவெட்டுக்கு வேண்டும். தண்டின் நீளத்துக்கும் கணக்கு உண்டு: சேர்க்க வேண்டிய தகடுகளின் மொத்தக் கனம், அதற்கு மேல் தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த மிச்சம்தான் இரண்டாவது தலையாகிறது. குறைந்தால் தலை சப்பையாகும். கூடினால் தண்டு கோணிக்கொண்டு சாயும்.

இப்படிச் செய்த ரிவெட்டுகள் மலைமலையாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரம். அங்கே ஏ.ஓ. ஸ்மித் என்ற நிறுவனம் கார்களுக்குச் சேஸ் செய்துகொண்டிருந்தது. குழந்தை வண்டிக்கும் சைக்கிளுக்கும் பாகங்கள் செய்து வளர்ந்த குடும்பம். 1906இல் ஹென்றி ஃபோர்டு வந்து, நான்கு மாதத்தில் 10,000 சேஸ் வேண்டும் என்று கேட்டார். அப்போது அங்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்துதான் செய்ய முடிந்தது. அதை நூறாக்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்து தொடங்கிய ஓட்டம் 1921இல் வேறு ஒரு எல்லைக்குப் போனது. நிறுவனரின் மகன் எல்.ஆர். ஸ்மித், மனிதக் கை படாமலே சேஸ் செய்ய முடியுமா என்று தன் பொறியாளர்களைக் கேட்டிருந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அந்த வருஷம் மே மாதம் தானியங்கி ஆலை ஓடத் தொடங்கியது. ஒரு பக்கம் எஃகுப் பட்டை உள்ளே போகும், மறுபக்கம் பெயிண்ட் அடித்த சேஸ் வெளியே வரும். நடுவில் 552 வேலைகள். எட்டு நொடிக்கு ஒரு சேஸ், ஒரு நாளைக்கு 10,000. ஆள் கணக்கு ஏறத்தாழ இருநூறுதான். அவர்களிலும் பெரும்பாலானோர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். 1929இல் எல்.ஆர். ஸ்மித் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியபோது, ஆளில்லாமல் ஓடும் ஆலையைக் கட்டுகிறோம் என்ற பொருளில்தான் தலைப்பே கொடுத்தார். 'ரோபோ' என்ற சொல்லே அந்த ஆலை தொடங்கிய காலத்தில்தான் செக் மொழி நாடகம் ஒன்றிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றக் கிளம்பியிருந்தது.

அந்த ஆலையில் நம் ரிவெட்டை யாரும் விரலால் எடுத்து வைப்பதில்லை. பக்கச் சட்டங்கள் இரண்டும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும், ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் வந்து பொருந்தியதும், காற்றழுத்தம் ரிவெட்டுகளைக் குழாய் வழியே தள்ளித் துளைகளில் செருகும். பிறகு வரிசையாக நிற்கும் பெரிய தாடைகள் ஒரே நேரத்தில் கவ்வும். சுத்தியல் அடியே கிடையாது, ஒரே அழுத்தம்தான். கட்டை விரலை விட மெலிந்த ஒரு ரிவெட்டைக் குளிர்ந்த நிலையிலேயே நசுக்கப் பத்து டன்னுக்கு மேற்பட்ட விசை வேண்டும். தாடை திறக்கும்போது இரண்டாவது தலை முளைத்திருக்கும்.

அந்த ஒரு கவ்வலில் தண்டுக்கு நேர்வதுதான் இந்தக் கதையின் கரு. உள்ளே போகும்போது தண்டு துளையை விடச் சற்று மெலிந்தது. இல்லாவிட்டால் நுழையவே நுழையாது. தாடை அழுத்தியதும் வெளியே நீட்டியிருந்த மிச்சம் தலையாவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் தண்டு பருக்கத் தொடங்குகிறது. துளையின் சுவரில் முட்டும் வரை பருத்து, அதற்கு மேலும் அழுந்துகிறது. இரண்டு தகடுகளின் துளைகளும் மயிரிழை பிசகாமல் நேராக அமைந்திருந்தால் அது ஒழுங்கான உருளை. பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. தனித்தனி அச்சில் குத்தப்பட்ட துளைகள் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். மெத்தென்ற எஃகு அந்தப் பிசகையும் அப்படியே நிரப்பிக்கொள்ளும். ஆக, வெளியிலிருந்து பார்த்தால் நேரான ஆணி. உள்ளே நடுவில் படி வைத்தாற்போல ஒரு முட்டு. இது கண்ணுக்குத் தெரியாது. தெரிவது எத்தனையோ ஆண்டுகள் கழித்து, இரண்டு தலைகளையும் எடுத்துவிட்டு 'இனி ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும்' என்று ஒருவர் நம்பும்போது.

இன்னொன்றும் நடக்கிறது. குளிர்ந்த நிலையில் நசுக்கிய எஃகு கெட்டிப்படும். சாதுவாக உள்ளே போன ரிவெட், தலைப்பகுதியில் சுற்றியுள்ள தகட்டை விடக் கடினமாகிவிடுகிறது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரில் பிட் இதைக் கட்டாயம் நினைவூட்டும்.

அந்தக் காலத்தில் ஏன் ரிவெட், ஏன் வெல்டிங் இல்லை என்று கேட்பவர்களுக்கு: கார் சேஸ் என்பது இறுகிய பொருள் இல்லை. பள்ளம் மேட்டில் ஒரு சக்கரம் ஏறும்போது ஏணியைப் போன்ற அந்தச் சட்டம் முறுக்கிக்கொண்டு, பிறகு தன்னிலைக்கு வர வேண்டும். அக்கால வெல்டிங் அந்த முறுக்கைத் தாங்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் தகடு விரிசல் விட்டது. போல்ட் அதிர்வில் தளர்ந்தது. ரிவெட் இரண்டுக்கும் நடுவில் நின்றது. இன்றைக்கும் நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளின் சேஸைக் குனிந்து பார்த்தால் வட்டத் தலைகள் வரிசையாகத் தெரியும். காரில்தான் அது பழங்கதை.

மில்வாக்கி ஆலையிலிருந்து வெளியேறிய ரிவெட்டின் அடுத்த பத்து இருபது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது வேலை செய்தது. வேலை செய்கிற ரிவெட்டுக்குக் கதை கிடையாது. தப்பிப் பிழைத்ததுதான் கதை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் டிராக்டர் வாங்க வக்கில்லாத அமெரிக்க விவசாயிகள் பழைய காரின் சேஸை அறுத்துக் குட்டையாக்கி, வீட்டிலேயே டிராக்டர் செய்துகொண்டார்கள். 'டூடுல்பக்' என்று அதற்குச் செல்லப் பெயர். 1942 பிப்ரவரியில் போருக்காக அமெரிக்காவில் கார் உற்பத்தியே நின்றது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நாடு முழுக்கப் பழைய இரும்பு திரட்டினார்கள். கொட்டகையில் கிடந்த கார்கள் எத்தனையோ உலைக்குப் போயின. அந்த அலையில் போகாத சேஸ் ஒன்று இன்று ஒருவர் பட்டறையில் முக்காலியின் மேல் நிற்கிறதென்றால், அதை விலைபோகாதது என்று யாரோ ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

போருக்குப் பின் வேறொரு பகை வந்தது. பனி உறைந்த சாலையில் உப்பைக் கொட்டும் பழக்கத்தை 1938இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சோதித்துப் பார்த்தது. போருக்குப் பிறகு வடக்கு மாநிலங்கள் முழுக்க அது பரவியது. கரைந்த உப்பு சக்கரத்திலிருந்து தெறித்துச் சேஸின் அடியில் ஏறும். பக்கச் சட்டமும் குறுக்குச் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், கத்தி முனையும் நுழையாத இடுக்கில், உப்புநீர் நுழைந்துவிடும். அந்த இடுக்கில் பெயிண்ட் கிடையாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடம் கேட்கும். மதிலில் முளைத்த அரசங்கன்று வேர்விட்டுக் கல்லைப் பிளப்பதுபோல, அந்தத் துரு இரண்டு தகடுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று நெம்பித் தள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட ரிவெட் இழுபடும். சில இடங்களில் ரிவெட் தோற்று, தலை தெறிக்கும். பெரும்பாலும் ரிவெட் விடுவதில்லை. தகடுதான் இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே அலையலையாக வளைந்து நிற்கும். புதுப்பிக்கிறவர் ரிவெட்டைக் கழற்ற வேண்டி வருவது பெரும்பாலும் இதனால்தான். இடுக்கில் சேர்ந்த துருவை எடுக்கத் தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும். மேலே பெயிண்ட் அடித்து மூடினால் உள்ளே அது தன் வேலையைத் தொடரும்.

நம் கரைக்கும் இந்தச் சேஸ்கள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சீவ்ரியில் கார் பொருத்தும் ஆலை திறந்தது. ஃபோர்டு 1930இல் மதராஸில் தொடங்கியது. பாகங்கள் கடல் தாண்டிப் பெட்டிகளில் வந்து இங்கே காராகின. பனிக்கு உப்பு கொட்டும் வேலை இங்கே இல்லை. கடற்காற்றே அதைச் செய்துகொண்டது.

இனி பட்டறை.

அனுபவமுள்ளவர் முதலில் எடுப்பது உளியை அல்ல, அளவு நாடாவை. சேஸின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து எழுதி வைப்பார். ஒரு குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகளை எடுத்ததும், அதுவரை சதுரமாக நின்ற சட்டம் தன் இஷ்டத்துக்குச் சாயும். ஆகவே பக்கச் சட்டங்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பிணைத்து, எடுக்கும் ஒவ்வொரு ரிவெட்டின் இடத்திலும் ஒரு போல்ட்டைப் போட்டுக்கொண்டே போவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துத் தள்ளிவிட்டு, பிறகு துளைகள் ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தலையைச் சொறிகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். ஆர்வம் அப்படித்தான் செய்யும்.

எந்தத் தலையைத் தாக்குவது என்பது அடுத்த கேள்வி. இரண்டும் பார்க்க ஒன்றுதான். ஆனால் பிறவித் தலை அச்சில் உருவானது, தண்டின் நடுமையத்தில் நேராக உட்கார்ந்திருக்கும். தாடை நசுக்கிய தலை சற்று ஒருபக்கம் ஒதுங்கியிருக்கலாம். அதன் நடுவில் புள்ளி குத்தித் துளையிட்டால் டிரில் தண்டின் நடுவில் போகாது, ஓரத்தில் இறங்கிச் சேஸைத் தின்னும். எனவே கை எட்டினால் பிறவித் தலைப் பக்கம்தான் துளைக்க வேண்டும். கண்டுபிடிக்க வழி: ஒழுங்கான வட்டம், சீரான விளிம்பு, சில சமயம் மேலே தயாரிப்பு அடையாளம். ஒதுங்கி, விளிம்பில் லேசான பிசிறோடு இருப்பது மற்றது.

துளைக்கும் முறை பொறுமைசாலிக்கானது. தலையின் உச்சியைக் கிரைண்டரில் சற்றுத் தட்டையாக்கி, நடுவில் சென்டர் பஞ்சால் ஆழமாகக் குத்தி, முதலில் மெல்லிய பிட், பிறகு தண்டை விடச் சற்றே சிறிய பிட். தலையின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் போதும். பிறகு உளியைப் பக்கவாட்டில் வைத்து ஓர் அடி அடித்தால் தலை வளையமாகக் கழன்று வரும். கெட்டிப்பட்ட எஃகில் பிட் வழுக்கிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மெத்தென்ற தகட்டுக்குள் இறங்கப் பார்க்கும் என்பதால்தான் இந்தப் படிப்படியான வேலை. சுற்றும் வேகத்தைக் குறைத்து, வெட்டும் எண்ணெயை விட்டு, அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அவசரத்தில் வேகத்தைக் கூட்டினால் பிட்டின் முனை கருகும். கருகிய முனை ரிவெட்டை மேலும் கெட்டியாக்கும். உள்ளே பிட் ஒடிந்துவிட்டால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வினோதம் என்னவென்றால், இறுகிய ரிவெட்டை விடத் தளர்ந்த ரிவெட் அதிகம் படுத்தும். பிட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும். ஓட்டை விழாது, சூடுதான் ஏறும். மறுபக்கத் தலையில் உளியை ஊன்றிப் பிடிக்க வேண்டும், அல்லது தலையின் விளிம்பை வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்து நிறுத்த வேண்டும். தளர்ந்த ரிவெட்டை முன்கூட்டியே அறியலாம்: தலையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துருப்பொடி கசிந்து கோடு போட்டிருக்கும்.

காற்றுச் சுத்தியலில் உளியை மாட்டித் தலையைச் சீவித் தள்ளுவது வேகமான வழி. தலை பறந்து போகும். கண்ணாடி போடாமல் அதன் எதிரில் நிற்கக் கூடாது. ஆனால் குறுகலான இடத்தில், பக்கச் சட்டத்தின் உள்வளைவில், சுத்தியல் நேராக நிற்க இடம் இருக்காது. ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கும். பாடி உட்காரும் இடங்களில் தலை வெளியே துருத்தாமல் தகட்டுக்குள்ளேயே பதிந்த ரிவெட் வரும். அதில் உளி பிடிக்க ஏதுமில்லை, துளைத்தே ஆக வேண்டும்.

தலை போய்விட்டது. இப்போது தண்டு. பஞ்ச் ஒன்றை வைத்துப் பெரிய சுத்தியலால் அடிக்கிறார்கள். நகர்வதில்லை. இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். தகடு உள்ளே குழிகிறது, தண்டின் நுனி விரிந்து புதிதாக ஒரு தலையே முளைக்கப் பார்க்கிறது! தொழிற்சாலையில் செய்ததையே நாம் திரும்பவும் செய்கிறோம். நம் ஊர் லாரிப் பட்டறையில் இந்த இடத்தில் மூத்த மேஸ்திரி பையனிடம், "தம்பி, அடிக்கிறத நிறுத்து. முதல்ல அடியில தாங்கு குடு" என்பார். தகட்டுக்கு மறுபக்கம், தண்டு வெளியே வருவதற்கு மட்டும் வழிவிட்டு, கனத்த இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அடியின் விசை தண்டுக்குப் போகும். இல்லாவிட்டால் தகடு வளைந்து அதை விழுங்கிக்கொள்ளும். குட்டையான பஞ்ச், கனத்த சுத்தியல், குறைந்த அடி. பல சின்ன அடிகள் தண்டின் நுனியைப் பருக்க வைக்கும். ஒரு கனத்த அடி அதை நகர்த்தும்.

அப்படியும் நகராதது துளைகள் விலகி நடுவில் முட்டு வைத்துக்கொண்ட ரிவெட். அதற்கு எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரையில்லாத இடத்தில், சுவரோடு சுவராக நசுங்கிய இரும்பில், எண்ணெய் எங்கே போகும்?

இதற்கு நெருப்பைக் கொண்டு ஒரு தந்திரம் உண்டு. எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்தது இதுதான். கேஸ் டார்ச்சின் கூரிய சுடரைத் தண்டின் நடுவில் மட்டும் காட்டி, அதைச் சிவக்கச் செய்ய வேண்டும். சுற்றியுள்ள தகடு சூடேறுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். சூடான தண்டு விரிய விரும்புகிறது. குளிர்ந்த தகடு அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, பக்கவாட்டில் விரிய இடமில்லை. சிவந்த எஃகு மிருதுவானது. அது நசுங்கி, நீளவாக்கில் பிதுங்குகிறது. பிறகு தானாக ஆற விட வேண்டும். ஆறும்போது எஃகு சுருங்கும். ஆனால் பிதுங்கியது திரும்ப உள்ளே வராது. ஆகவே தண்டு தொடங்கிய விட்டத்தை விடச் சிறுத்துவிடுகிறது. 10 மி.மீ. விட்டமுள்ள தண்டு 800 டிகிரி சூடேறி ஆறினால் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அது போதும். நாள் முழுக்க நகராதது இரண்டு தட்டலில் நழுவி வரும். தொழிற்சாலைத் தாடை பருக்க வைத்த தண்டை, அதே விதியைத் தலைகீழாக்கி மெலிய வைக்கிறோம். நிறைய பேர் சிவக்கச் சூடாக்கிய கையோடு, ஆற விடாமல், சூட்டிலேயே அடிக்கிறார்கள். சூட்டில் தண்டு பருத்திருக்கிறது, மிருதுவாகவும் இருக்கிறது; அடித்தால் இன்னும் இறுகும். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வழி.

தலையை எடுக்க மூன்றாவது வழியும் உண்டு, டார்ச்சாலேயே அதை எரித்துத் தள்ளுவது. இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். தலையைச் சிவக்கச் சூடாக்கி ஆக்ஸிஜனைத் திறந்தால் இரும்பு உருகுவதில்லை, எரிகிறது. ஏறத்தாழ 900 டிகிரியில் இரும்பு தூய ஆக்ஸிஜனில் பற்றிக்கொள்ளும். அது உருகும் வெப்பநிலை இதைவிட வெகு மேலே. தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் துரு மெல்லிய திரையாக நிற்பதால் தலையின் சூடு தகட்டுக்குச் சட்டென்று போவதில்லை. தேர்ந்த கை அந்தச் சில நொடிகளுக்குள் தலையை முழுதாக எரித்துத் தள்ளி, தகட்டில் ஒரு கீறல் இல்லாமல் விலகிக்கொள்ளும். பாலங்களிலும் கப்பல்களிலும் ரிவெட் எடுத்தவர்கள் இதற்கென்றே அகன்ற, வேகம் குறைந்த ஆக்ஸிஜன் முனை வைத்திருந்தார்கள். தேராத கை அதே நொடியில் சேஸில் பெரிய பள்ளத்தை வெட்டிவிடும். பயிற்சி இல்லாதவர் பாழான இரும்பில் பழகிவிட்டு வரட்டும். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகுதான் இதெல்லாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் கிரைண்டரில் தேய்த்தாலும் சுடரில் காட்டினாலும் மூச்சுக்குள் போகும். சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது.

எந்த வழியில் எடுத்தாலும் கடைசியில் பார்க்க வேண்டியது துளையை. வட்டமாக இருந்தால் பிழைத்தோம். நீள்வட்டமாகியிருந்தால், வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளைக்கலாம், அல்லது ரீமரால் சற்றுப் பெரிதாக்கி ஓர் அளவு கூடிய ரிவெட் போடலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். வெல்டிங் செய்த சூட்டில் துளையோரத் தகடு விறைத்துப் பிறகு விரிசல் விடும் பயம் இருக்கிறது; அக்காலப் பொறியாளர்கள் ரிவெட்டைத் தேர்ந்ததே அந்தப் பயத்தால்தான்.

காலியான துளையில் எதைப் போடுவது? அமெரிக்காவின் பழங்கார்ச் சங்கம் 1935இல் தொடங்கியது. அதன் போட்டிகளில் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ரிவெட் இருந்த இடத்தில் போல்ட் இருந்தால் மதிப்பெண் போகும். அதனால் தலையை வட்டமாகக் கடைந்த போல்ட்டைப் போட்டு, நட்டைச் சட்டத்தின் உள்வளைவில் ஒளித்து வைக்கும் கலை ஒன்று வளர்ந்திருக்கிறது. வலுவைப் பொறுத்த வரை இதில் குறையில்லை, ஒரு நிபந்தனை உண்டு: துளையை ரீமர் போட்டு, போல்ட் இறுக்கமாக நுழையும்படி செய்திருக்க வேண்டும். தளர்வான துளையில் சாதாரண போல்ட்டைப் போட்டு எவ்வளவு முடுக்கினாலும், வண்டி முறுக்கும்போது தகடுகள் வழுக்கும். ரிவெட் துளை முழுவதையும் நிரப்பி நின்ற இடம் அது.

ரிவெட்டையே போட விரும்புகிறவர்களில் சிலர் ஹைட்ராலிக் ஜாக்கைக் கொண்டு தடித்த இரும்புத் தாடை செய்து, குளிர்ந்த நிலையிலேயே நசுக்குகிறார்கள். மில்வாக்கியில் நடந்தது ஏறக்குறைய அதுதான், ஒரு தாடை மட்டும், எட்டு நொடிக்குப் பதில் பத்து நிமிஷம். மற்றவர்கள் தண்டைச் சிவக்கச் சுட்டுக் காற்றுச் சுத்தியலால் அடிக்கிறார்கள். மறுபக்கம் ஒருவர் கனத்த கட்டையைத் தலைக்கு அணைத்துப் பிடிக்கிறார். சுட்டு அடித்த ரிவெட் ஆறும்போது நீளவாக்கில் சுருங்கித் தகடுகளை இறுக்கிக் கவ்வும். அதே சமயம் தண்டும் மெலிந்து துளையின் சுவரிலிருந்து மயிரிழை விலகும். குளிர்ந்து நசுக்கியதில் அந்த விலகல் இல்லை, அந்தக் கவ்வலும் அவ்வளவு இல்லை. வெளியே தலைகள் ஒன்றுபோலவே இருக்கும். போட்டியில் எந்த நடுவராலும் வேறுபடுத்த முடியாது. சேஸுக்கு மட்டும் தெரியும்.

அடித்து முடித்ததும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். தலையின் ஒரு பக்கத்தில், தகட்டோடு சேரும் விளிம்பில், விரல் நுனியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. இறுகியிருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஓசை கெட்டியாகக் கேட்கும். லேசாகத் துடித்தால் ரிவெட் நிரம்பவில்லை. மேலே இன்னும் நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆறிப்போன தலையில் அடிப்பதால் உள்ளே தண்டு பருக்காது, தலைதான் கெட்டிப்படும். அதன் தலையில் சென்டர் பஞ்சை வைத்து, மெல்லிய பிட்டை எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.